கடலோரச் செயலியைக் காதால் கேட்டுப் பாருங்கள்: மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மொபைல் செயலி வடிவமைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிப்பட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என இராமநாதபுரம் கடலோரம் முழுக்க இன்று காற்று நிலவரம், மீன் விலை, சங்க அறிவிப்பு, மகளிர் குழுக் கணக்கு எல்லாமே செல்போனில்தான். அந்தச் செயலிகளை எழுதும் டெவலப்பர்களும், காசு கொடுத்து எழுதச் சொல்லும் சங்கங்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். விளக்கத்துக்கு ஒரு மாதிரிச் செயலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் காற்று வேகமும் அலை உயரமும், இரண்டாம் பக்கத்தில் மீன் விலை, மூன்றாவதில் கடலுக்குப் போக டோக்கன் பதிவு, நான்காவதில் வரைபடம்.

இது கடலுக்குப் போகிறவர்களுக்கான செயலி. மாற்றுத்திறனாளிகள் யார் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள்?

காற்று நிலவரம் பார்ப்பவர் படகில் இருப்பவர் மட்டுமல்ல. மகனுக்குப் போன் போட்டுச் சொல்ல வீட்டிலிருக்கும் தாய் பார்க்கிறார். ஏலக்கடையில் கணக்கு எழுதுபவர் பார்க்கிறார். கண்புரை வந்து தொழிலை விட்ட பெரியவர், பழக்கம் விடாமல் விடிந்ததும் முதல் வேலையாகப் பார்க்கிறார். மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர்களுக்கு நீரழுத்தத்தால் செவிப்பறை பாதிக்கப்படுவது தொழிலோடு ஒட்டிய ஆபத்து. பாசி எடுக்கும் பெண்கள் பாறையில் கிழிபடாமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். துணி சுற்றிய விரலைத் தொடுதிரை சரியாக உணராது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வையின்மை, செவித்திறன் குறைவு மட்டுமல்ல, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள் எல்லோரும் அதில் உண்டு.

'வெயிலில் எல்லோருக்குமே திரை தெரியாது, ஆகவே இது எல்லோருக்கும் நல்லது' என்று சொல்லிச் சங்கத்தைச் சம்மதிக்க வைப்பவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் அதையே காரணமாக்கினால், எழுத்தைப் பெரிதாக்கியதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். கண்ணே தெரியாதவருக்கு வேண்டியது எழுத்தளவு அல்ல.

பார்வையில்லாதவர் தொடுதிரையை எப்படி இயக்குகிறார்?

ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரைவாசிப்பான்கள் இருக்கின்றன. அவற்றை இயக்கியதும் தொடுதல் விதி மாறிவிடும். ஒருமுறை தொட்டால் அந்த இடத்தில் இருப்பதை வாசிக்கும். அழுத்த வேண்டுமானால் இருமுறை தட்ட வேண்டும். வலப்பக்கம் விரலை இழுத்தால் அடுத்த உறுப்பு, இடப்பக்கம் இழுத்தால் முந்தையது. பக்கத்தை உருட்ட ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று விரல்.

டெவலப்பர் செய்ய வேண்டிய முதல் வேலை இதைத் தானே பழகுவது. அமைப்புகளில் மாற்றுத்திறன் வசதி என்ற பகுதிக்குப் போய் டாக்பேக்கை இயக்குங்கள். அங்கேயே குறுக்குவழியையும் இயக்கிவிட்டால், ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 3 விநாடி அழுத்தி வேண்டும்போது அணைக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இயக்கிவிட்டு அணைக்கத் தெரியாமல் திண்டாடுவோர் அதிகம். பிறகு தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள்: உரையிலிருந்து பேச்சு என்ற அமைப்பில் குரல் தரவை நிறுவும் இடம் இருக்கும், அதில் தமிழ் (இந்தியா). போனுக்குப் போன் மெனுவின் பெயர் சற்று மாறும். குரல் போனிலேயே இறங்கியிருக்க வேண்டும் என்பது முக்கியம். இணையத்தை நம்பும் குரல், சிக்னல் போன கடலில் வாயை மூடிக்கொள்ளும்.

எதை முதலில் சரிசெய்வது?

பெயரில்லாத பட்டன்களை. மணிப் படம், மூன்று கோடு, அம்புக்குறி, வீட்டுப் படம் என்று படத்தை மட்டும் வைத்த பட்டன்களுக்கு லேபிள் (திரைவாசிப்பான் வாசிக்கும் பெயர்) கொடுக்காவிட்டால், டாக்பேக் 'பெயரில்லை, பட்டன்' என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போகும். ஐந்து பட்டனும் அப்படியே என்றால் அந்தச் செயலி பார்வையில்லாதவருக்குப் பூட்டிய கடை. ஆண்ட்ராய்டில் இதற்கான பண்பின் பெயர் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்; செயலி எழுதும் கருவிகளான ரியாக்ட் நேட்டிவில் ஆக்சசிபிலிட்டி லேபிள், ஃபிளட்டரில் செமான்டிக்ஸ் விட்ஜெட்.

லேபிள் எழுதும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. 'அறிவிப்புகள் பட்டன்' என்று எழுதினால் 'அறிவிப்புகள் பட்டன், பட்டன்' என்று இரண்டு தடவை கேட்கும். வகையை டாக்பேக்கே சொல்லிக்கொள்ளும். 'மணி ஐகான்' என்று படத்தின் உருவத்தை எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை. பட்டன் என்ன செய்யும் என்பதை எழுதுங்கள்: 'அறிவிப்புகள், 3 புதியவை'. அழகுக்கு வைத்த அலைப் படம், படகு ஓவியம் போன்றவற்றுக்கு லேபிளே வேண்டாம். அவற்றைத் திரைவாசிப்பான் தாண்டிப்போகும்படி மறைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதுவது அக்கறை மாதிரித் தெரியும், கேட்பவருக்கு அது குப்பை.

மீன் விலைப் பட்டியல் டாக்பேக்கில் நகரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பட்டியலில் 40 மீன், ஒவ்வொரு வரியிலும் பெயர், அலகு, இன்றைய விலை, நேற்றைய விலை என்று நான்கு தனி எழுத்துப் பெட்டிகள். டாக்பேக் ஒவ்வொன்றிலும் நிற்கும்: 160 இழுப்பு. அதிலும் 'சீலா' என்று ஒரு நிறுத்தம், 'கிலோ' என்று ஒன்று, வெறும் '620' என்று ஒன்று. 620 எதன் விலை என்பதைக் கேட்பவர் தன் நினைவில் கோத்துக்கொள்ள வேண்டும்.

வரி முழுவதையும் ஒரே உறுப்பாக இணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டுச் செயலி எழுதும் கருவியான காம்போசில் செமான்டிக்ஸ் அமைப்பில் உள்ளுறுப்புகளை ஒன்றாக்கும் விருப்பம் உண்டு. ஃபிளட்டரில் மெர்ஜ் செமான்டிக்ஸ். இப்போது ஒரே நிறுத்தம்: 'சீலா, கிலோ 620 ரூபாய், நேற்றைவிட 40 கூடுதல்'. பச்சை, சிவப்பு அம்புகள் 'கூடுதல்', 'குறைவு' என்ற சொல்லாக வந்துவிட்டதைக் கவனியுங்கள். மீன் பெயர் முதலில் வர வேண்டும். கேட்பவர் சூடையைத் தேடுகிறார் என்றால் 'சீ' என்று தொடங்கியதுமே அடுத்ததற்கு இழுத்துவிடுவார். 'இன்றைய நிலவரப்படி சீலா மீனின் விலை' என்று தொடங்கினால் 40 தடவையும் அந்த முன்னுரையைக் கேட்டாக வேண்டும்.

பட்டியலைப் பிரிக்கும் 'மீன்', 'நண்டு, இறால்', 'கணவாய்' போன்ற தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துவிடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் போதாது. அது கண்ணுக்குத்தான் தலைப்பு. குறித்துவிட்டால், வாசிப்பு முறையைத் 'தலைப்புகள்' என்று மாற்றிக்கொண்டு, இறால் வேண்டுமானவர் இரண்டு இழுப்பில் அங்கே போய்விடுவார்.

இன்னொரு கோளாறு கண்ணால் பார்த்துச் சோதிப்பவருக்குத் தெரியவே தெரியாது. 30 விநாடிக்கு ஒருமுறை பட்டியலைத் தானாகப் புதுப்பிக்கும் செயலிகளில், மொத்தப் பட்டியலையும் அழித்து மறுபடி வரைகிறார்கள். இருபத்தைந்தாவது மீனில் இருந்த வாசிப்பு இடம் முதல் வரிக்குத் தாவிவிடும். மாறிய வரியை மட்டும் மாற்றுங்கள். அல்லது புதுப்பிக்க ஒரு பட்டன் வையுங்கள்.

தமிழைத் தப்பாக வாசிக்கிறது. இது டாக்பேக்கின் குறையா?

பாதி நேரம் எழுதியவரின் குறை. திரையில் கண்ணுக்குச் சரியாகத் தெரிவது உள்ளே வேறாக இருக்கும்.

பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளம், வத்தம் (கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும்) பார்க்கிறவர்களுக்கு அன்றாடச் சொல். சரியான எழுத்து 'பௌ' என்ற ஒரே உயிர்மெய். அவசரத்தில் பலர் ப-வுக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தைத் தட்டி 'பெளர்ணமி' என்று எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. குரல் மட்டும் 'பெ-ளர்ணமி' என்று படித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதே மாதிரிதான் துணைக்காலுக்குப் பதில் ர போடுவது: 'காற்று' என்று நினைத்து 'கரற்று' என்று தட்டியிருப்பார்கள். எழுத்துப் பிழை பார்ப்பவர் கண்ணில் படாது. காதில் உடனே படும். இவற்றைத் தேடிப்பிடித்து ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று நிரல் எழுதாதீர்கள். வெள்ளி, தெளிவு, வெளியூர் எல்லாவற்றிலும் எகரக் கொம்பும் ள-வும் நியாயமாகவே சேர்ந்து வருகின்றன. மொத்தமாக மாற்றினால் அத்தனையும் கெடும். சந்தேகமானவற்றைப் பட்டியல் எடுத்து, ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

தேடல் பெட்டியிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இன்னொன்றும் இருந்தால் 'கொடுவா' என்று தேடினால் 'எதுவும் இல்லை' என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒற்றைக் குறியாக்கும் வடிவம்) மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய சங்கச் சுற்றறிக்கையை அப்படியே ஒட்டினால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். குரல் அதைத்தான் உளறும். யூனிகோடுக்கு மாற்றியே ஏற்றுங்கள். சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்துப் போடுவது அதைவிட மோசம்: அதில் எழுத்தே இல்லை.

சுருக்கங்களும் குறிகளும் அடுத்த தொல்லை. '45-55 கி.மீ./ம.' என்பதைச் சில குரல்கள் கோட்டை விழுங்கிவிட்டு 'நாற்பத்தைந்து ஐம்பத்தைந்து கி மீ ம' என்று படிக்கும். 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்று எழுதினால் எந்தக் குரலும் சொதப்பாது. இடம் போதாதா? திரையில் சுருக்கத்தைக் காட்டுங்கள், லேபிளில் முழுச் சொல்லைக் கொடுங்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை வெறும் எண்ணாகக் கொடுத்தால் கோடிக்கணக்கில் படிக்கும்; ஆண்ட்ராய்டில் அதைத் தொலைபேசி எண் என்று குறிக்க டிடிஎஸ் ஸ்பேன் என்ற வசதி இருக்கிறது. செயலி தமிழ், போன் ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு மொழிக் குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைப் பார்த்துவிட்டு மௌனமாகத் தாண்டிப்போகலாம்.

அறிவிப்பு வாசகத்தை எப்படி அமைப்பது?

தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில்தான். 'பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் நாளை விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல அனுமதி டோக்கன் வழங்கப்பட மாட்டாது' என்ற வாக்கியத்தில், உயிர்நாடியான 'மாட்டாது' பதினோரு சொல்லுக்குப் பிறகு வருகிறது. திரைவாசிப்பானில் பழகியவர்கள் வேகமாகக் கேட்பார்கள், பாதியிலேயே அடுத்ததற்கு இழுத்துவிடுவார்கள். 'அனுமதி டோக்கன்' வரை கேட்டவர் உண்டு என்றே எடுத்துக்கொள்வார். 'நாளை டோக்கன் இல்லை. காரணம்: பலத்த காற்று' என்று எழுதுங்கள். தாளில் படிப்பவருக்கும் இதுவே மேல் என்பது வேறு விஷயம்.

புயல் எச்சரிக்கை மாதிரியான செய்தி திரையில் தோன்றினால், வாசித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு உடனே சொல்லும்படி நேரலைப் பகுதியாகக் குறிக்கலாம். 'சேமிக்கப்பட்டது' போன்றவை அமைதி வகை: நடக்கிற வாசிப்பு முடிந்ததும் சொன்னால் போதும். எல்லாவற்றையும் அவசரமாகக் குறித்துவிட்டால் பயனர் ஒரு வாக்கியத்தையும் முழுசாகக் கேட்க முடியாது. இரண்டு விநாடியில் மறைந்துவிடும் குறுஞ்செய்திப் பட்டையில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள்.

எழுத்தளவைக் கூட்டினால் வடிவம் சிதைகிறது. கூட்ட முடியாமல் பூட்டிவிடலாமா?

கூடாது. கண்புரைக்காரருக்கு அது ஒன்றுதான் வழி. ஆண்ட்ராய்டில் எழுத்தளவை எஸ்பி (sp) அலகில் கொடுத்தால் பயனரின் எழுத்தளவு அமைப்புக்கேற்ப மாறும், பொதுத் திரை அளவு அலகான டிபி-யில் (dp) கொடுத்தால் மாறாது. ஆண்ட்ராய்டு 14 முதல் 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம்; ஐபோனில் இன்னும் மேலே போகும்: வழக்கமான 17 புள்ளி எழுத்து 53 வரை வளரும்.

சிதைவுக்குக் காரணம் பெரும்பாலும் நிலையான உயரம் கொடுத்த பெட்டிகள். தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட அதிகம் உறுத்தும்: 'கீ'யின் மேல் சுழியும் 'சூ'வின் கீழ் வளைவும் முதலில் வெட்டுப்படும், வெட்டுப்பட்டால் 'கீ' 'கி'யாகத் தெரியும். உயரத்தை உள்ளடக்கத்துக்கு விட்டுவிடுங்கள். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வையுங்கள். பக்கவாட்டில் 'விண்ணப்பிக்கவும்', 'சமர்ப்பிக்கவும்' போன்ற சொற்கள் பட்டனை மீறும். 'அனுப்பு' என்றால் முடிந்தது. இரண்டு பட்டன்களைப் பக்கம்பக்கமாக வைத்திருந்தால், பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்படி அமைக்க வேண்டும். மூன்று புள்ளி போட்டு வெட்டுவது கடைசிப் புகலிடம்.

நிறங்களில் எதைக் கவனிப்பது?

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டு விகிதம், 4.5-க்கு 1 இருக்க வேண்டும். 18 புள்ளியும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கும், ஐகான், பெட்டி ஓரம் போன்றவற்றுக்கும் 3-க்கு 1 போதும். டிசைனர்களுக்குப் பிடித்த வெளிர் சாம்பல் (நிறக் குறி #999999) வெள்ளையில் 2.85-தான் தரும். #777777 கூட 4.48, மயிரிழையில் தோல்வி. #767676 என்றால் 4.54, தேர்ச்சி. ஆரஞ்சுப் பட்டையில் (#FFA500) வெள்ளை எழுத்து 2-ஐக்கூடத் தொடாது, அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 10-ஐத் தாண்டும். எச்சரிக்கைப் பட்டையில் எந்த எழுத்து வைப்பது என்ற விவாதத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம். மதிய வெயிலில் படகின் அணியத்தில் நின்று பார்த்தால், குறைந்தபட்ச அளவும் போதாது என்று தெரியும். எச்சரிக்கைக்கு 7-க்கு மேல் வையுங்கள்.

வானிலை ஆய்வு மையம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இவற்றில் சில ஒரே நிறம். நிறத்தோடு சொல்லும் எண்ணும் சேர வேண்டும். பாம்பனில் கூண்டு ஏற்றினால் ஊர் 'ஒன்றாம் எண்', 'மூன்றாம் எண்' என்று எண்ணால்தான் பேசுகிறது. செயலியும் ஊர் வழக்கத்தைப் பின்பற்றினால் போதும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் வைக்காதீர்கள், வலிப்பைத் தூண்டிவிடலாம்.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டில் 48-க்கு 48 டிபி. கையில் சுமார் 9 மில்லிமீட்டர் என்று கூகுள் கணக்கு சொல்கிறது. ஐபோனில் 44-க்கு 44 புள்ளி. ஐகான் 24 டிபி-யாகவே இருக்கலாம், சுற்றி 12 டிபி தொடுபகுதி சேர்த்தால் 48 ஆகிவிடும். இரண்டு பட்டன்களுக்கு நடுவே 8 டிபி இடைவெளி விடுங்கள். 'பதிவு செய்', 'ரத்து செய்' இரண்டையும் ஒட்டி வைப்பது நடுங்கும் கைக்குப் பொறி.

இழுத்து விடுவது, இரண்டு விரலால் விரிப்பது, போனைக் குலுக்குவது ஆகியவற்றை ஒரே வழியாக வைக்காதீர்கள். படகில் போன் தானாகவே குலுங்கும். குலுக்கினால் ஆபத்து அழைப்பு போகும் என்றால் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அதே செயலுக்கு ஒரு சாதாரணப் பட்டனும் இருக்கட்டும். விரல் விட்டபின் செயல்படட்டும், தொட்டதும் அல்ல. தவறாகத் தொட்டவர் விரலை நகர்த்தித் தப்பிக்க முடியும்.

டோக்கன் பதிவுக்கு உள்ளே வரும்போது ஓடிபி கேட்கிறோம். அதில் என்ன சிக்கல்?

ஆறு இலக்கத்துக்கு ஆறு குட்டிப் பெட்டி வைப்பது பார்க்க அழகு. டாக்பேக்கில் 'திருத்தும் பெட்டி' என்று ஆறு முறை கேட்கும், தானாகத் தாவும்போது எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பதே தெரியாது. ஒரே பெட்டி வையுங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், குறுஞ்செய்தியிலிருந்து தானாக நிரம்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். 30 விநாடிக் கெடு வேண்டாம். டாக்பேக்கோடு குறுஞ்செய்திக்குப் போய், எண்ணைக் கேட்டு, திரும்பி வருவதற்கே அதைவிட நேரமாகும். தனுஷ்கோடிப் பக்கம் டவர் தடுமாறி ஓடிபி தாமதமாக வருவது தனிக் கதை. கெடு முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி-யின் விதி.

கோணல்மாணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள். விசைப்படகுப் பதிவெண் கேட்கும் இடத்தில் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' போன்ற முன்பகுதியைச் செயலியே நிரப்பிவிட்டால், எண் மட்டும் தட்டினால் போதும். தவறு நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கிவிட்டு நிற்காதீர்கள்: 'பதிவெண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் சொல்லி, வாசிப்பு இடத்தை அந்தப் பெட்டிக்கே கொண்டுபோங்கள். நிரப்பியதை எல்லாம் அழித்துவிடும் படிவத்தைப் பார்வையுள்ளவரே சபிக்கிறார்.

முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பு வைத்திருந்தால், அடுத்த கேள்விக்குப் போகும் முன்பே கீழே உள்ள சட்டம் பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

வரைபடத்தை எப்படிக் காதுக்குக் கொண்டுவருவது?

வரைபடத்தைப் பேசவைக்க முயலாதீர்கள். அதே தகவலைப் பட்டியலாகவும் கொடுங்கள். 'பாம்பன் கரை, வடமேற்கே 6 கிலோமீட்டர்' என்று தூரமும் திசையும் கொண்ட வரிகள், அருகில் இருப்பது முதலில். எல்லைக்கோட்டை நெருங்கும் எச்சரிக்கை குரல், அதிர்வு, பெரிய எழுத்து மூன்றிலும் வரட்டும். எஞ்சின் சத்தத்தில் குரல் யாருக்குமே கேட்காது.

செவித்திறன் இல்லாதவர்களுக்கு?

ஒலியால் மட்டும் தெரிவிப்பது எதுவும் இருக்கக் கூடாது. எச்சரிக்கைக்குத் தனி அதிர்வு முறை வையுங்கள்: மூன்று நீளம் என்றால் புயல், ஒன்று குட்டை என்றால் சாதாரணச் செய்தி. ஆண்ட்ராய்டு 14-இல் அறிவிப்பு வரும்போது கேமரா விளக்கோ திரையோ மின்னும் அமைப்பு இருக்கிறது. உதவிப் பக்கத்தில் அதை இயக்கும் வழியைச் சொல்லுங்கள். குரல் பதிவாக வரும் சங்கத் தலைவரின் அறிவிப்புக்குக் கீழே அதன் எழுத்து வடிவம் இருக்க வேண்டும். 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று எண் மட்டும் கொடுத்தால் அது அவர்களுக்கு மூடிய கதவு. குறுஞ்செய்தி வழியும் கொடுங்கள்.

பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. அலுவலகத் தமிழ் அவர்களைத் தடுக்கும். முக்கியமான நான்கைந்து செயல்களுக்காவது இந்திய சைகை மொழியில் சிறு காணொளி வைத்தால் நல்லது.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிச் செயலி போட்டால் எளிதல்லவா?

ஆறு மாதம் கழித்து முதன்மைச் செயலியில் புது வசதி வரும், தனிச் செயலியில் வராது. வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 சட்டம் 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பம் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் 42-ஆவது பிரிவு. மீறினால் 89-ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். தொழில்நுட்பத் தரம் ஐஎஸ் 17802. முதல் பாகம் 2021-இலும் இரண்டாம் பாகம் 2022-இலும் வந்தன, 2023-இல் சட்ட விதிகளில் சேர்க்கப்பட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயத் தரம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-இல் இன்னொரு தீர்ப்பு: டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. கண் சிமிட்ட முடியாத அமில வீச்சு பாதிப்பாளர்களும் பார்வையற்றவர்களும் டிஜிட்டல் கேஒய்சி-யில் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில்) படும் பாடே அந்த வழக்கு. ஆகவே கண் சிமிட்டலை மட்டும் உயிர்ச் சான்றாகக் கேட்காதீர்கள், மாற்று வழி வையுங்கள்.

சோதிக்கும் கருவி எல்லாவற்றையும் பிடித்துவிடுமா?

கூகுளின் ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர் இலவசம். திரையில் மிதக்கும் பட்டனை அழுத்தினால் சிறிய தொடுபகுதி, குறைந்த கான்ட்ராஸ்ட், லேபிள் இல்லாத படம் ஆகியவற்றைக் கட்டம் போட்டுக் காட்டும். லேபிள் இருக்கிறதா என்று பார்க்கும். 'படம் 1' என்ற லேபிள் அர்த்தமற்றது என்று அதற்குத் தெரியாது. பெளர்ணமியும் தெரியாது.

அதற்குப் பிறகு, டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் விருப்பத்தை இயக்கிவிட்டு நீங்களே ஒரு டோக்கன் பதிவை முடித்துப் பாருங்கள். ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும். இது ஒத்திகைதான். உண்மையான சோதனை, அன்றாடம் டாக்பேக்கில் வாழ்பவரோடு. பார்வையில்லாதவர் ஒருவர், மங்கலாகத் தெரிபவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், கை நடுங்குபவர் ஒருவர் என்று நான்கு பேர் கிடைத்தாலே பெரும்பாலான கோளாறு வெளிவந்துவிடும். அவர்களுடைய சொந்தப் போனிலேயே நடத்துங்கள். குரல் வேகமும் எழுத்தளவும் அவர்களுக்குப் பழகியபடி இருக்கும். 'நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, பார்த்துச் சொல்லுங்கள்', 'கணவாய் விலை என்ன?' என்று வேலையைச் சொல்லுங்கள், பட்டனைச் சொல்லாதீர்கள். தடுமாறும்போது 'மேலே, மேலே' என்று எடுத்துக்கொடுக்காமல் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை போகிறது, அதற்கான கூலியைக் கொடுங்கள்.

செயலிக்குள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

தமிழ்நாட்டில் அரசுத் துறையின் பெயரே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. அந்தச் சொல்லே போதும். அடையாள அட்டையைக் குறிக்க யுடிஐடி அட்டை என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. பயனரிடம் 'உங்கள் குறைபாடு என்ன?' என்று பதிவுப் படிவத்தில் கேட்க ஒரு காரணமும் இல்லை. எழுத்து பெரிதாக வேண்டுமா, அதிர்வு வேண்டுமா என்பதைக் கேளுங்கள். போன் அமைப்பிலேயே சொல்லியிருந்தால் அதையும் கேட்க வேண்டாம்.